84 நாளும் ஆறு மாதமும்

கண்டியில் தனியார் கடையிலோ அலுவலகத்திலோ வேலை செய்யும் தாய்க்குச் சட்டப்படி 84 நாள் பிரசவ லீவு. வார விடுமுறையும் போயா நாளும் அந்தக் கணக்கில் சேராது. ஆனால் குழந்தை பிறப்பதற்கு முந்திய இரண்டு வாரமும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனமும் நம் சுகாதார அமைச்சும் சொல்வதோ, ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம், தாய்ப்பால் மட்டும் என்று. அரச ஊழியர் அரைச் சம்பளத்தில் 84 நாளும், சம்பளமின்றி இன்னொரு 84 நாளும் லீவை நீட்டலாம். யட்டிநுவர வீதிக் கடையில் நிற்கும் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. அவருடைய வீட்டில்தான் பால் பம்ப் பற்றிய பேச்சு தொடங்குகிறது.

இலங்கையில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதத்தினருக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கப்படுகிறது என்று 2016 ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வு காட்டியது. உலகம் பாராட்டும் இந்த நிலைக்குப் பின்னால் வீடு வீடாக ஏறி இறங்கும் குடும்பநல உத்தியோகத்தர்களின் உழைப்பு இருக்கிறது. வேலைக்குத் திரும்பப் போகும் தாய் பாமசிக்குப் போவதற்கு முன் பேச வேண்டியது அவர்களிடம்தான். அவர்கள் முதலில் கற்றுக்கொடுப்பது கையால் பால் எடுக்கும் முறையை.

பெருவிரலையும் சுட்டுவிரலையும் முலைக்காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தள்ளி எதிரெதிராக வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிழிந்து, விட வேண்டும். தோலில் விரல் வழுக்கக் கூடாது. முதல் நாளில் சில துளிதான் வரும். பழகிவிட்டால் இருபது முப்பது நிமிடத்தில் ஒரு வேளைக்குரிய பால் கிடைத்துவிடும். செலவில்லாத முறை என்பதற்காக இதைக் குறைவாக எண்ண வேண்டாம். பால் எடுக்கும் முறைகளை ஒப்பிட்ட கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, மன ஆறுதல், இளஞ்சூடு, மசாஜ், கையால் எடுத்தல், மலிவான பம்ப் ஆகியவை பெரிய மின் பம்புக்கு இணையாகவோ சில வேளை அதைவிட நன்றாகவோ பலன் தரலாம் என்கிறது.

அப்படியென்றால் பம்ப் யாருக்கு? தினமும் எட்டு ஒன்பது மணி நேரம் குழந்தையைப் பிரிந்திருப்பவருக்கு. குறைமாதக் குழந்தை வைத்தியசாலையில் இருக்க, நாளெல்லாம் பால் எடுக்க வேண்டியவருக்கு.

பம்ப் இடைவிடாமல் உறிஞ்சினால் மார்பு புண்ணாகும். உறிஞ்சி, விட்டு, மறுபடி உறிஞ்ச வேண்டும். குழந்தை செய்வதும் அதைத்தான். சதுரங்க வீரரும் பொறியியலாளருமான எட்வேர்ட் லாஸ்கர் 1923 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பம்ப் குழந்தை சப்புவதையே பின்பற்றியது. ஆகவே வாங்கும்போது உறிஞ்சும் வலுவையும் வேகத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள். ரப்பர் உருண்டை வைத்த மலிவான பம்ப் வேண்டவே வேண்டாம். உருண்டைக்குள் பால் போய்விட்டால் கழுவ வழியில்லை. நாளுக்கு ஓரிரு தடவை எடுப்பவருக்குக் கைப்பிடி அழுத்தும் பம்ப் போதும். நாளுக்குப் பல தடவை எடுப்பவருக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் மின் பம்ப் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் 2022 மின்வெட்டை அனுபவித்த நாட்டில் பற்றரியிலும் இயங்குகிறதா என்று கேட்காமல் அதை வாங்கக் கூடாது.

விலையைவிட முக்கியம் மார்பில் வைக்கும் புனலின் அளவு. பெட்டியோடு வருவது பெரும்பாலும் 24 மில்லிமீற்றர். அது எல்லோருக்கும் பொருந்தாது. முலைக்காம்பு புனலின் குழாய்க்குள் உரசாமல் அசைய வேண்டும். வலித்தாலோ காம்பு வெளிறினாலோ அளவு தவறு, அல்லது வலு கூடிவிட்டது. வலியைப் பொறுத்துக்கொண்டால் பால் கூடாது, குறையத்தான் செய்யும். அக்கா பாவித்த பம்பை வாங்கிக்கொள்வதும் நல்லதல்ல. சில வகைகளில் பால் மோட்டார் வரை போய்விடும். அங்கே சுத்தம் செய்ய முடியாது.

எடுத்த பாலை 25 பாகை வரையான அறை வெப்பத்தில் நான்கு மணி நேரமும் பிரிட்ஜில் நான்கு நாளும் வைக்கலாம். கண்டி கொழும்பைவிடக் குளிர்தான். ஆனாலும் மார்ச், ஏப்ரல் நண்பகலில் 25 பாகையைத் தாண்டிவிடும். கட்டுகஸ்தோட்டை நெரிசலில் பஸ் நிற்கும் நேரத்தையும் சேர்த்து எண்ணி, உறைந்த ஐஸ் பொதிகளோடு குளிர்ப்பையில் கொண்டுபோவதே பாதுகாப்பு. வீட்டில் வெந்நீரில் பாத்திரத்தை வைத்து இளஞ்சூடாக்கினால் போதும், கொதிக்கவிடக் கூடாது. சூப்பிப் போத்தலை விட்டுச் சிறு கோப்பையால் பருக்குங்கள். அம்மம்மாவுக்கு அது பழக வேண்டும் என்றால், வேலை தொடங்க இரண்டு வாரம் முன்பே ஒத்திகை தேவை.

தெல்தோட்டைப் பக்கம், 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட லூல்கந்துர போன்ற தோட்டங்களில் கதை வேறு. அங்கே தாய் வேலை செய்யும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா இருக்கிறது. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு ஒன்பது மணி நேர வேலைக்குள் இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும் என்று மகப்பேற்று நன்மைகள் சட்டம் சொல்கிறது: காம்பரா இருந்தால் தலா அரை மணி, இல்லையென்றால் தலா ஒரு மணி. கொழுந்து பறிக்கும் மலை காம்பராவுக்குத் தூரமாக இருந்தால் அந்த அரை மணி இறங்கி ஏறுவதிலேயே போய்விடும். நடக்கும் நேரத்தை இடைவேளைக்கு வெளியே கணக்கிடும்படி தோட்ட நிர்வாகத்திடம் கேட்பது நியாயம்; கேட்டுப் பெற வேண்டியதும்கூட.