உயிர் காக்கும் அங்கி

கடலிற் செல்வோர்க்கும் வானிற் செல்வோர்க்கும் உரிய மிதப்பு அங்கிகளுள் ஒருவகை, காற்றின்றித் தட்டையாக மடிக்கப்பட்டிருக்கும். அதனுள் எஃகினாலாகிய சிறு குப்பி ஒன்று உண்டு. கரியமில வாயு பேரழுத்தத்தால் திரவமாக்கப்பெற்று அதனுள் அடைக்கப்பட்டிருக்கும். அங்கியில் தொங்கும் கயிற்றை இழுத்தவுடன், ஊசிமுனை ஒன்று குப்பியின் வாயைத் துளைக்கும். திரவம் வாயுவாக விரிந்து, சில நொடிகளில் அங்கியை உப்பச் செய்யும். 33 கிராம் வாயு ஏறத்தாழ 17 லிட்டர் இடத்தை நிரப்பும். அவ்வளவு நீரை அங்கி விலக்குவதால், அணிந்தவர் தலை நீர்மேல் நிற்கும். குப்பி பழுதுறின், வாயால் ஊதுதற்குக் குழாய் ஒன்றும் உண்டு.

ஆயினும், இக்கருவியைக் காலமறிந்தே இயக்குதல் வேண்டும். 1996ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், கடத்தப்பட்ட எத்தியோப்பிய நாட்டு விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து, கொமோரோஸ் தீவுகளின் அருகே கடலில் வீழ்ந்தது. பயணிகளுள் சிலர் விமானத்தினுள்ளேயே தம் அங்கிகளை உப்பச் செய்திருந்தனர். நீர் உட்புகுந்தபோது, அவ்வங்கிகள் அவர்களை மேற்கூரையோடு சேர்த்து அழுத்தின. நீருள் அமிழ்ந்து வாயிலை அடைய அவர்களால் இயலவில்லை. அவ்விபத்தில் 175 பேருள் 125 பேர் மாண்டனர். மாண்டோருள் இவர்களும் அடங்குவர்.

ஆதலின், விமானத்தைவிட்டு வெளியேறும்பொழுதே கயிற்றை இழுத்தல் வேண்டும். உயிர் காக்கும் கருவியும், காலமறியாது கையாள்வார்க்குத் தளையாகிவிடும்.