புட்டியில் வளராத கிருமிகள்

இதய வால்வில் தொற்று இருக்கிறது, ஆனால் ரத்தத்தை எத்தனை நாள் வளர்த்துப் பார்த்தும் கிருமி அகப்படவில்லை. இப்படிப்பட்ட நோயாளிகளின் மாதிரிகளைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்து நுண்ணுயிரியலாளர்கள், பிரான்சின் மார்சேய் நகர ஆய்வாளர்களோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். 2008இல் வெளியான முடிவில் இரண்டு பெயர்கள் இருந்தன: பார்ட்டொனெல்லா குயின்டானா, காக்ஸியெல்லா பர்னெட்டி. முன்னது உடல் பேனால் பரவி, முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சிப்பாய்களை வாட்டியது. பின்னது ஆடுமாடு ஈனும்போது வெளிவரும் நீரிலும் நஞ்சுக்கொடியிலும் இருந்து, காய்ந்தபின் தூசியோடு மூச்சில் ஏறுவது.

பினாங்குக்கு இது அந்நியச் செய்தியல்ல. செபராங் பிறையில் ஆடு வளர்ப்பவர்கள் உண்டு. சிறுவயது வாதக்காய்ச்சலில் வால்வு பழுதானவர்களும் செயற்கை வால்வு பொருத்தியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு லேசான காய்ச்சல் வாரக்கணக்கில் நீடித்து, இரவில் வியர்த்து, உடல் மெலிந்தால் இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

அப்போது முதலில் செய்ய வேண்டியது ரத்தம் எடுப்பது. ஆன்டிபயாட்டிக் அதற்குப் பிறகுதான். வெவ்வேறு இடங்களில் ஊசி போட்டு மூன்று முறை எடுப்பார்கள். கிளினிக்கில் வாங்கிய மாத்திரையை முன்பே விழுங்கியிருந்தால், சாதாரணக் கிருமிகூடப் புட்டியில் வளராமல் போகலாம். உணவுக்குழாய் வழியே எடுக்கும் எக்கோ படம் வால்வில் ஒட்டிய கட்டியைக் காட்டும். அதன் கிருமி எது என்று சொல்லாது.

காக்ஸியெல்லா உயிரணுவுக்குள் மட்டுமே பெருகுவதால் புட்டியில் சிக்காது. அதற்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத்தான் தேட வேண்டும். 1994இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான நோயறி விதிகளை 2023இல் திருத்தியபோது, பார்ட்டொனெல்லாவின் எதிர்ப்பொருளுக்கும் மரபணுச் சோதனைக்கும் முக்கியச் சான்று என்ற இடம் கிடைத்தது.

மலேசிய மண்ணில் வேறொரு சிக்கலும் உண்டு. 1911இல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் கண்டறிந்த மெலியாய்டோசிஸ் கிருமி சேற்றிலும் வயலிலும் வாழ்கிறது. வால்வை அது தாக்குவது மிக அரிது. புட்டியில் வளரும், ஆனால் பழக்கமில்லாத ஆய்வகம் அதை வெறும் மாசு என்று ஒதுக்கிவிடக்கூடும்.

பெயர் தெரியாமல் மருந்து கொடுப்பது ஆபத்து. காக்ஸியெல்லாவுக்கு டாக்ஸிசைக்ளினும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் குறைந்தது 18 மாதம் தேவை. வழக்கமான பெனிசிலின் அதைத் தொடாது. ஆகவே ஆடுமாடு, வயல்வேலை பற்றி மருத்துவர் கேட்கவில்லையென்றாலும் நோயாளி சொல்லிவிட வேண்டும். அறுவையில் வால்வை அகற்றினால் அதில் ஒரு துண்டை ஃபார்மலினில் போடாமல் அப்படியே நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.