படி போய் பாக்கெட் வந்தது!

பூவிருந்தவல்லி என்னும் பெயர் மக்கள் நாவில் உருண்டு தேய்ந்து பூந்தமல்லி ஆயிற்று. கூப்பிட எளிதாயிற்றே தவிர, அதனால் எவருக்கும் ஒரு காசும் நட்டமில்லை. பக்கத்து ஆவடியின் கதை வேறு. ராணுவ வாகனங்களைக் குறிக்கும் ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயரே ‘ஆவடி’ என்று அடித்துச் சொல்வோர் இன்றும் உண்டு. ஆனால் 1955ஆம் ஆண்டு காங்கிரஸ் மாநாடு அங்கே கூடியபோதே ஊர் ஆவடிதான். கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது 1961இல். பெயர் மூத்தது, தொழிற்சாலை இளையது.

ஊர்ப் பெயர் சுருங்கலாம், விரியலாம். வீட்டு உலை அதனால் குறையப் போவதில்லை. அடுப்பங்கரையில் வழங்கும் சொற்கள் சுருங்கினால் மட்டும் குடும்பத்தின் கையிருப்பும் கூடவே சுருங்கிவிடுகிறது. அது எப்படியென்று சற்று எண்ணிப் பாருங்கள்.

அளவு தெரிந்த நாவு

நம் பாட்டிமார்களில் பலருக்கு எழுத்து வாசனை இல்லாதிருக்கலாம். கணக்கு வாசனை இருந்தது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. எடைக்குப் பலமும் வீசையும் இருந்தன. உருது பேசும் வீடுகளில் சேரும் பாவும் வழங்கின. ரூபாய்க்குப் பதினாறு அணா. “இன்றைக்கு அரைப் படி உலை” என்று ஒருவர் சொன்னால், எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்பது அந்தச் சொல்லிலேயே அடங்கிவிடும்.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே கிலோவும் லிட்டரும் வந்தன. 1957 ஏப்ரல் முதல் நாள் அணா போய் நயா பைசா வந்தது. இந்த மாற்றத்தில் குறையொன்றுமில்லை. படி ஊருக்கு ஊர் வேறுபட்டது. கிலோவோ எங்கும் கிலோதான். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் வெவ்வேறு மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களுக்கு அது பெரிய வசதியாகவும் இருந்தது.

அதற்குப் பின் வந்ததுதான் பாக்கெட். “ஒரு பாக்கெட் சேமியா, ஒரு பாக்கெட் மிளகாய்த்தூள், ஒரு பாக்கெட் எண்ணெய்” என்று பிள்ளையைக் கடைக்கு அனுப்புகிறோம். எவ்வளவு என்று நாமும் சொல்வதில்லை, கடைக்காரரும் கேட்பதில்லை. பாக்கெட் என்பது ஓர் அளவா? அது வெறும் உறை. உறைக்குள் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை இப்போது தீர்மானிப்பவர் அதைத் தயாரிப்பவர்.

பழி யார் மீது?

ஒரு மசாலாத்தூள் பாக்கெட் 200 கிராம், விலை 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சில மாதங்கள் கழித்து அதே படம், அதே வண்ணம், அதே 50 ரூபாய். உள்ளே 180 கிராம். கிலோவுக்கு 250 ரூபாயாக இருந்தது ஏறத்தாழ 278 ரூபாய் ஆகிவிட்டது. நூற்றுக்குப் பதினொன்று விலையேற்றம்! ஆயினும் வீட்டில் எவர் வாயிலிருந்தும் “விலை ஏறிவிட்டது” என்ற சொல் வராது. ஏறியதைச் சொல்ல நம்மிடம் சொல்லே இல்லை. பாக்கெட்டின் விலைதான் மாறவில்லையே!

எண்ணெயிலும் இதே கதைதான். ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம். சில உறைகளில் 850 கிராமும் அதற்குக் குறைவாகவும் அடைக்கப்பட்டு வருகிறது. கையில் தூக்கிப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. மாதக் கடைசியில்தான் தெரியும்.

அப்போது வீட்டில் எழும் கேள்வியை நாம் அறிவோம். “போன மாதம் கொடுத்த அதே பணம்தானே? இருபத்தைந்தாம் தேதியே எண்ணெய் தீர்ந்துவிட்டதா?” கேட்பவர் கெட்டவரல்லர், ஷிஃப்ட் முடித்துக் களைத்து வந்தவர். பதில் சொல்ல வேண்டியவளோ ஊதாரியல்லள். அவளிடம் கணக்குக்குரிய சொல் இல்லை. உறைக்குள் குறைந்த எண்ணெய்க்கான பழி, சட்டியில் ஊற்றியவள் தலையில் விழுகிறது. விலைவாசியால் வரும் மனக்கசப்புகளில் இது நாம் அதிகம் பேசாத ஒன்று. ஆனால் இதற்கு மருந்து உண்டு.

மார்க்கம் காட்டும் அளவு

அளவையில் மோசம் செய்வோரைப் பற்றித் திருக்குர்ஆனில் ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. 83ஆவது அத்தியாயமான அல்முதஃப்பிஃபீன். விற்பவருக்குரிய எச்சரிக்கை அது. வீட்டில் இருப்போருக்கும் வழிகாட்டல் உண்டு. உணவுப் பொருளை அளந்துகொள்ளுங்கள், அதில் உங்களுக்கு பரக்கத் உண்டாகும் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை மிக்தாம் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியில் பதிவான நபிமொழி இது. பரக்கத் என்றால் அளவே பாராமல் வந்து குவிவது என்று எண்ணுகிறோம். இங்கே பரக்கத்தின் வாசலாக அளத்தல்தான் சொல்லப்படுகிறது.

நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ தண்ணீரில் உளூச் செய்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. ஏறத்தாழ முக்கால் லிட்டர். நான்கு முத்து ஒரு ஸாஉ. நோன்புப் பெருநாளின் ஃபித்ராவை ஷாஃபிஈ மத்ஹபினர் ஒரு ஸாஉ அரிசியாகக் கொடுப்பதும் இந்த அளவைக் கொண்டே. பதினான்கு நூற்றாண்டுகளாக ஒரு முகத்தல் அளவைச் சொல் அழியாமல் நம் வீடுகளில் வாழ்கிறது. ஆண்டுக்கொரு முறை ஸாஉவை நினைக்கும் நாம், மாதந்தோறும் கிராமை மறக்கலாமா? செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்திலேயே வசித்துக்கொண்டு, குடிநீரை 20 லிட்டர் கேனில் விலைக்கு வாங்கும் நமக்கு அந்த முத்தின் அருமை சொல்லாமலே விளங்கும்.

செய்யக்கூடியவை

முதலாவது, கடைச்சீட்டில் ‘பாக்கெட்’ என்ற சொல்லை எழுதாதீர்கள். ‘மிளகாய்த்தூள் 200 கிராம்’, ‘எண்ணெய் 1 லிட்டர்’ என்று எழுதுங்கள். நியாய விலைக் கடையில் இச்சொற்கள் இன்றும் உயிரோடிருக்கின்றன. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்றே அங்கே பேச்சு.

இரண்டாவது, உறையில் அதிகபட்ச விலைக்கு அருகே மற்றொரு சிறு எண்ணையும் தேடுங்கள். ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்று சட்டமுறை எடையளவு விதிகள் கூறுகின்றன. இரண்டு கம்பெனிப் பொருள்களை ஒப்பிட அந்த எண்தான் சரியான தராசு. எடையிலோ விலையிலோ மோசடி கண்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

மூன்றாவது, சமையல் எரிவாயு. வீட்டு சிலிண்டரில் இருக்க வேண்டிய எரிவாயு 14.2 கிலோ. காலி உருளையின் எடை அதன் மீதே குறிக்கப்பட்டிருக்கும். இரண்டையும் கூட்டினால் வர வேண்டிய மொத்த எடை தெரியும். கொண்டு வருபவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. அதை இனிய சொல்லால் கேளுங்கள்.

நான்காவது, மின்சாரம். இரண்டு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குரிய குறைந்த கட்டணம் கிடைக்காது. ஐம்பதாம் நாளே மீட்டரைப் பார்த்துக் குறித்து வைக்கும் வீடு இந்த வேலியைத் தாண்டாமல் தப்பிக்கும்.

அளத்தல் கஞ்சத்தனமன்று

இவ்வளவு கணக்குப் பார்த்தால் கை சுருங்கிவிடாதா என்று கேட்கலாம். இருவர் உணவு மூவருக்குப் போதும் என்ற நபிமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கங்களில் ஒரே சஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்பதும் இந்த எண்ணத்தின் செயல்வடிவமே. விருந்தாளிக்கு அள்ளி வைப்பதற்கு அளவு வேண்டியதில்லை. உறைக்குள் ஓசையின்றிக் குறைவதைப் பிடிப்பதற்குத்தான் அளவு வேண்டும். அங்கே மிஞ்சுவதுதான் விருந்தாளியின் தட்டுக்கு வருகிறது. பக்கத்து வீட்டு ஏழையின் பாத்திரத்துக்கும் போகிறது.

ஆகவே சகோதரிகளே, கிராமும் லிட்டரும் யூனிட்டும் உங்கள் நாவில் சரளமாக வழங்கட்டும். சகோதரர்களே, அந்தச் சீட்டை அவர்களோடு அமர்ந்து ஒருமுறை நீங்களும் படியுங்கள். “பணம் எங்கே போயிற்று?” என்ற கேள்விக்கான பதிலை இருவரும் சேர்ந்தே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

வல்ல இறைவன் நம் வருவாயிலும், உணவிலும், இல்லத்தின் அன்பிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.