தொண்டு செய்தீர்களா? எழுதுங்கள்!

உத்தியோகம் தேடுகிறவர்கள் இப்போது "லிங்க்டுஇன்" என்ற இணையதளத்தில் தங்கள் படிப்பு, அனுபவம் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறார்கள். கம்பெனிக்காரர்கள் அதைப் பார்த்து ஆள் எடுக்கிறார்கள்.

அதில் சம்பளம் வாங்காமல் செய்த தொண்டை எழுதவும் இடம் உண்டு. 2011-ம் ஆண்டு இந்த வசதி வந்தது. அப்போது அந்தக் கம்பெனி அமெரிக்காவில் ஒரு விசாரணை நடத்தியது. சம்பள வேலைக்குச் சமமாகத் தொண்டையும் மதிப்பதாக 100-க்கு 41 பேர் கூறினார்கள். ஆள் எடுப்பவர்களில் 5-ல் ஒருவர், தொண்டுக்காகவே வேலை கொடுத்திருக்கிறார்!

நம் நாட்டில் என்ன நடக்கிறது? நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் கல்லூரி மாணவர்கள் 2 ஆண்டுகளில் 240 மணி நேரம் உழைக்கிறார்கள். 7 நாள் முகாம் வேறு! சான்றிதழ் பெட்டிக்குள் தூங்குகிறது. மனுவிலோ "அனுபவம் இல்லை" என்று எழுதுகிறார்கள்!

"சமூக சேவை செய்தேன்" என்று மொட்டையாக எழுதினால் போதாது. எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன வேலை என்று எழுத வேண்டும். ரத்ததான முகாமுக்கு 60 பேரைத் திரட்டி வந்தவர், அந்த 60-ஐ எழுத வேண்டும். ஆட்களைச் சேர்த்து வேலை வாங்கத் தெரிந்தவர் என்பது முதலாளிக்கு உடனே புரியும்.

"செய்த உதவியைச் சொல்லிக் காட்டலாமா?" என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். உதவி பெற்ற ஏழையின் படத்தைப் போடுவதுதான் தவறு. செய்த வேலையைச் சொல்வதில் தவறு இல்லை.

செய்யாததை எழுதினால்? நேரில் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்!