சாய்வு நாற்காலியில் உறைந்த குருதி

1940-இல் லண்டன் மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டுமழை பொழிந்தபோது, பதுங்கிடங்களில் காயமேதுமின்றிச் சிலர் மடிந்தனர். தடயவியல் மருத்துவர் கீத் சிம்ப்சன் காரணத்தை விளக்கினார். சாய்வு நாற்காலியில் இரவெல்லாம் உறங்கியோரின் தொடையை அதன் முன்சட்டம் அழுத்த, காலின் ஆழ்சிரைகளில் குருதி தேங்கி உறைந்தது. அக்கட்டி பெயர்ந்து, இதயத்தின் வலப்பக்கம் வழியே சென்று நுரையீரல் தமனியை அடைத்தது. படுக்கைகள் அமைக்கப்பட்டதும் இத்தகைய மரணங்கள் குறைந்தன. பொருளியல் கற்பித்த எனக்கு, இதைவிட மலிவான மருத்துவம் நினைவுக்கு வரவில்லை.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் படுத்திருப்போர், புற்றுநோயாளர், கருவுற்றோர், நெடும்பயணிகள் ஆகியோருக்கும் இந்த அபாயம் மிகுதி. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் சுளுக்கெனக் கருதித் தைலம் தேய்க்கும் நம் வழக்கமே என்னை அச்சுறுத்துகிறது; அழுத்தித் தேய்த்தால் கட்டி பெயரக்கூடும். உடன் மூச்சுத்திணறலும் தோன்றினால், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.