கண்டல் மரபணு நெல்லுக்குள் சென்றது எப்படி?

மறுசேர்க்கை டி.என்.ஏ. பாடத்தைப் பசியாவரம் பகுதி மாணவர்களுக்கு நான் வெண்கண்டல் மரத்திலிருந்து தொடங்குகிறேன். பழவேற்காடு ஏரியின் உப்புநீரில் கண்டல் வளர்கிறது. அதே நீரை நெல் நாற்றுக்கு ஊற்றினால் வாடிவிடும். கண்டலின் தாங்குதிறனில் ஒரு பகுதியையாவது நெல்லுக்குத் தர முடியுமா? சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிடா குழுவினர் ஆராய்ந்த கேள்வி இது.

உப்பு மிகுந்தால் செல்லுக்குள் சூப்பர் ஆக்சைடு என்ற நச்சு மூலக்கூறு பெருகும். அதை முறிக்கும் ஒரு நொதிக்கான மரபணுவை வெண்கண்டலிலிருந்து எடுத்து, அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா வழியாக பாஸ்மதி ரக நெல்லில் சேர்த்தனர். சாதாரண நாற்றுகள் வாடிய உப்புநீரில் இந்த நாற்றுகள் தாங்கி நின்றன. முடிவுகள் 2008-இல் வெளியாயின.

வகுப்பில் செய்து பார்க்க

வெட்டி ஒட்டுவதைக் காகிதத்தில் காட்டலாம். மஞ்சள் காகிதப் பட்டையை வளையமாக ஒட்டினால் அது பிளாஸ்மிட். பச்சைப் பட்டை கண்டல் டி.என்.ஏ. வளையத்தில் ஓரிடத்திலும், பச்சையில் மரபணுவின் இருபுறமும் ஜி-ஏ-ஏ-டி-டி-சி என எழுதி, கீழ் இழையில் இணை எழுத்துகளை எழுதச் சொல்லுங்கள். ஒவ்வோர் இழையிலும் ஜி-க்கும் ஏ-க்கும் இடையே வெட்டினால் முனைகள் படிக்கட்டுபோல் அமையும். இங்கே கத்தரிக்கோல்தான் ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதி, பசை லிகேஸ் நொதி. மஞ்சளும் பச்சையும் பொருந்துவதைக் கண்டதும், "வேறு வேறு உயிராச்சே, எப்படி சார் ஒட்டுது?" என்று கேட்பார்கள். எல்லா உயிர்களின் டி.என்.ஏ.வும் அதே நான்கு எழுத்துகளால் ஆனது என்பதை விளக்க ஏற்ற தருணம் அது.

கவனிக்க வேண்டியது

"உப்பைத் தாங்கும் மரபணு" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். மரபணு என்பது ஒரு புரதத்துக்கான குறிப்பு. உப்பைத் தாங்குவதோ பல மரபணுக்களின் கூட்டு வேலை. ஒன்றைச் சேர்த்ததால் நெல் கண்டலாகிவிடாது; எந்த உப்பு நிலத்திலும் விளைந்துவிடும் என்றும் சொல்ல முடியாது.

ஆய்வகத்தில் வெற்றி பெற்றது வயலுக்கு வர, பாதுகாப்புச் சோதனைகளும் அரசின் அனுமதியும் வேண்டும். இந்தியாவில் பி.டி. பருத்திக்கு 2002-இல் அனுமதி கிடைத்தது, பி.டி. கத்தரி 2010-இல் நிறுத்திவைக்கப்பட்டது. ஏன் இந்த வேறுபாடு? விவாதிக்க விடுங்கள். மரபுப் பொறியியலை மந்திரமென்றும் நஞ்சென்றும் கேள்விப்பட்டு வரும் மாணவர்கள், "எந்த மரபணு? எந்தப் புரதம்? என்ன சான்று?" என்று கேட்கத் தொடங்கினால், பாடம் புரிந்துவிட்டது.