கையளவு ஜப்பான் – 4: தர்பூசணி அட்டையும் மாசிக் கருவாடும்

சென்ற வாரம் விசா வந்த கதையோடு நிறுத்தியிருந்தேன். வந்தது என்றுதான் சொல்லலாம், கைக்கு வந்தது என்று சொல்ல முடியாது. 2024 ஏப்ரல் முதல், இந்தியாவில் இருந்து ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வரப் போகிறவர்களுக்கு ஜப்பான் தருவது மின்விசா. பாஸ்போர்ட்டில் ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லை. விமான நிலையத்தில் அதைப் போனில், இணையத்தில் திறந்த நிலையில் காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட் செல்லாது. பிடிஎஃப் செல்லாது. அச்சடித்த காகிதமும் செல்லாது.

என்னோடு வந்த அத்தைக்கு வயது எழுபத்திரண்டு. ரேஷன் கார்டில் இருந்து கரண்ட் பில் வரை எதற்கும் மூன்று ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்கிறவர். விஷயத்தைச் சொன்னதும் நம்பவில்லை.

"காகிதத்தை நம்ப மாட்டானாம், டப்பாவை நம்புவானாம். என்ன ஊருடா அது?"

"அங்கே போய்ப் பாருங்கத்தை, அந்த ஊர்லதான் காகிதம் இன்னும் நிறைய."

சென்னை விமான நிலையத்தில் செக்-இன் வரிசையில் எங்கள் முறை வந்தபோது என் போனில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் நின்றவர் தன் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்து உதவியிருக்காவிட்டால் இந்தத் தொடரே இருந்திருக்காது. கவுண்டரை நெருங்கும் முன்பே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள் என்பது அன்று கற்ற பாடம்.

"என்னென்ன ஆப் வேண்டும், பட்டியல் கொடுங்கள்" என்று கேட்டுப் பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். பட்டியலுக்கா பஞ்சம்? யூடியூபைத் திறந்தால் முப்பது ஆப் சொல்கிறார்கள். நானும் அதைக் கேட்டு இருபத்திரண்டு ஆப் இறக்கினேன். பத்து நாள் கழித்துத் திரும்பியபோது எண்ணிப் பார்த்தேன். கை வைத்தது ஆறில்தான். மீதி பதினாறும் பேட்டரியைத் தின்றதோடு சரி. அந்த ஆறுக்கும் செய்ய வேண்டிய வேலையில் முக்கால்வாசி ஊரிலேயே, வீட்டு வைஃபையிலேயே செய்துவிட வேண்டியது. அதைச் செய்யாமல் போய் நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அங்கே இணையத்துக்கு இசிம் வாங்கியிருந்தேன். போனுக்குள்ளேயே ஏறிவிடும் சிம், அட்டை கிடையாது. நரிட்டா விமான நிலையத்தில் இறங்கி அதை இயக்கியதும் புத்திசாலித்தனம் என்று நினைத்து நம்மூர் சிம்மைக் கழற்றி சூட்கேஸில் போட்டுவிட்டேன். ரோமிங் கட்டணம் எகிறிவிடுமே என்ற பயம். நான்காம் நாள் இரவு, மறுநாள் கியோட்டோ போக ஷின்கான்சென் அதிவேக ரயில் டிக்கெட்டை ஆப்பில் எடுக்க உட்கார்ந்தேன். கார்டு எண் போட்டாயிற்று, பணம் கட்டும் பக்கம் வந்தாயிற்று, ஓடிபி வரவில்லை. எப்படி வரும்? அது போக வேண்டிய சிம் துணி மூட்டைக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறது. தேடி எடுத்துப் போட்டால், ஊரில் ரோமிங்கை இயக்கிவிட்டு வரவில்லை. சிக்னலே இல்லை. மறுநாள் காலையில் ஸ்டேஷன் மெஷினில் நோட்டுகளைப் போட்டு டிக்கெட் எடுத்தோம். அந்த மெஷினில் ஆங்கிலம் இருந்தது, வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது என்பது தனிக் கதை.

ஆகவே: நம்மூர் சிம் போனிலேயே இருக்கட்டும், அதில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிட்டு, எஸ்எம்எஸ் வர வழி வைத்துவிட்டுப் போங்கள். வங்கி ஆப்பில் கார்டை வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் திறந்து, வரம்பு வைத்துவிடுங்கள். அங்கே கடையிலோ ஏடிஎம்மிலோ "ரூபாயில் கழிக்கட்டுமா, யென்னில் கழிக்கட்டுமா" என்று கேட்டால் யென் என்று அமுக்குங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த விலைதான்.

குடியேற்றம், சுங்கம் இரண்டுக்கும் 'விசிட் ஜப்பான் வெப்' என்ற அரசு இணையதளம் இருக்கிறது. ஆப் இல்லை, தளம்தான். பாஸ்போர்ட் விவரம், தங்கும் முகவரி எல்லாம் ஊரிலேயே நிரப்பினால் கியூஆர் கோடு தந்துவிடும். கூட வருகிற குடும்பத்தாரையும் ஒரே கணக்கில் சேர்க்கலாம், அத்தையை அப்படித்தான் சேர்த்தேன். இதற்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் தளம் வேறு யாருடையதோ, மூடிவிடுங்கள்.

இனி வரைபடம். ஜப்பானில் கூகுள் மேப்ஸ் இல்லாமல் நடமாடுவது எங்களுக்குச் சாத்தியமே இல்லை, காரணம் முகவரி முறை. நமக்கு காந்தி ரோடு, இரண்டாவது குறுக்குத் தெரு என்று சொன்னால்தான் புரியும். அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே இல்லை. பேட்டைக்குள் பிரிவு, பிரிவுக்குள் தெருக்களால் சூழ்ந்த கட்டம், கட்டத்துக்குள் வீடு என்று மூன்று எண்கள். பல பழைய பகுதிகளில் வீட்டு எண் வரிசைப்படிகூட இருக்காது, கட்டிய காலப்படி இருக்கும். ஏழுக்குப் பக்கத்தில் எட்டு இருக்கும் என்ற நம்பிக்கையோடு நடந்தால் பதினைந்து வரும்.

மேப்ஸ் அங்கே தரும் விவரத்தைப் பார்த்தால் நம்மூர் மேப்ஸ் மீது கோபம் வரும். எந்த பிளாட்பாரம், எத்தனை மணி எத்தனை நிமிடம், எத்தனை யென், மாறும் இடத்தில் சீக்கிரம் படியேற எந்தப் பெட்டியில் ஏறுவது, எந்த வாசல் வழியாக வெளியே வருவது எல்லாம் சொல்கிறது. கடைசியில் சொன்னதுதான் உயிர். ஷின்ஜுகு ஸ்டேஷனுக்கு இருநூறுக்கு மேல் வாசல்கள். உலகத்திலேயே அதிகக் கூட்டம் புழங்கும் ஸ்டேஷன் என்று கின்னஸில் இருக்கிறது. முதல் நாள் வாசல் எண்ணைக் கவனிக்காமல் கூட்டத்தோடு போய், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வெளியே வந்து, இந்தப் பக்கம் வர இருபத்தைந்து நிமிடம் நடந்தோம். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டார். அதன் பிறகு வாசல் எண்ணைப் படிப்பது அவர் பொறுப்பாயிற்று.

அதே மேப்ஸ் காட்டும் ரயில் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்துத்தான் சுற்றுலாப் பயணிகளுக்கான ஜேஆர் ரயில் பாஸ் வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்தது 2023 அக்டோபரில் 50,000 ஆகிவிட்டது. டோக்கியோவில் இருந்து கியோட்டோ போய்வர 28,000 யென்னுக்குப் பக்கத்தில்தான் ஆகிறது. 'கண்டிப்பாகப் பாஸ் எடுங்கள்' என்று சொல்லும் வீடியோக்கள் பழைய விலைக் காலத்தவை.

ஆப் தோற்ற இடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கிழக்கு ஜப்பான் ரயில்வே 2001 நவம்பரில் கொண்டுவந்த கட்டண அட்டை சுயிகா. ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைக் கோர்த்து வைத்த பெயர், ஜப்பானிய மொழியில் சுயிகா என்றால் தர்பூசணியும்கூட. பச்சை அட்டை, ஓரத்தில் ஒரு பென்குயின். ரயில், பஸ், பெட்டிக் கடை போல மூலைக்கு மூலை நிற்கும் பானம் தரும் மெஷின், லாக்கர், 24 மணி நேரக் கடை எல்லாவற்றிலும் தட்டிவிட்டுப் போகலாம். ஐபோன் 8 அல்லது அதற்குப் பிந்தைய மாடல் வைத்திருந்தால் அட்டையைப் போனுக்குள்ளேயே வைக்கலாம். நம்மூரில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன்களில் அநேகமாக முடியாது. சோனியின் ஃபெலிக்கா என்ற சிப் முறையில் ஓடுகிறது அது, நம் போன்களில் அந்த வசதி இல்லை. ஐபோன்காரர்களும் பணம் ஏற்றுகிற இடத்தில் நம் வங்கி கார்டோடு மல்லுக்கட்ட நேரலாம்.

எதற்கு வம்பு? விமான நிலையத்தில் 'வெல்கம் சுயிகா' என்று பிளாஸ்டிக் அட்டை விற்கிறார்கள். 28 நாள் செல்லும், முன்பணம் கிடையாது, மீதிப் பணம் திரும்பி வராது. நோட்டுப் போட்டால் ஏறுகிறது. அத்தை அதைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு, கேட்டில் முந்தானையோடு தட்டினார். திறந்தது. எனக்கு முன்னால் வாசலைக் கடந்துபோய் நின்று திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

இப்போது சாப்பாடு. அத்தை சைவம். முட்டையும் கிடையாது. இதற்காகவே கூகுள் டிரான்ஸ்லேட்டில் ஜப்பானிய மொழியை ஊரிலேயே இறக்கி வைத்திருந்தேன், இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். கேமராவைப் பாக்கெட்டின் மீது பிடித்தால் எழுத்துகள் அப்படியே மாறும். தமிழுக்கு மாற்றினால் சமயத்தில் ஆரூடம் மாதிரி வருகிறது, ஆங்கிலத்துக்கு மாற்றினால் தேவலை.

முதல் நாளே ஒரு 24 மணி நேரக் கடையில் காய்கறி நூடுல்ஸ் பாக்கெட்டை எடுத்தோம். படத்தில் கேரட், முட்டைக்கோஸ், காளான். கேமராவைப் பிடித்தால் கடைசி வரியில் 'போனிட்டோ'. சூரை மீன். அதை வேகவைத்து, புகையூட்டி, கட்டை மாதிரி காயவைத்து, சீவி எடுப்பதுதான் கட்சுவோபுஷி. அதில் இறக்கும் சாற்றுக்கு தாஷி என்று பெயர். சூப், குழம்பு, சாஸ் எல்லாவற்றுக்கும் அடியில் அது இருக்கும், நம் சமையலில் புளி இருக்கிற மாதிரி. எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. மாலத்தீவில் இருந்தும் மினிக்காயில் இருந்தும் நம் கரைக்கு வருகிற மாசிக் கருவாடும் இதே சூரைதான், செய்கிற விதமும் கிட்டத்தட்ட இதேதான். அத்தையிடம் சொன்னேன்.

"மாசியா? தூத்துக்குடியில பக்கத்து வீட்டுல இடிப்பாங்களே, அதுவா?"

"அதேதான் அத்தை. அதைச் சீவி ரசம் வச்சா இவங்க தாஷி."

"அப்ப பாக்கெட்டை வச்சுட்டு வா. வாழைப்பழம் இருக்கான்னு உன் டப்பாவைக் கேளு."

கேமரா எழுதியிருப்பதைத்தான் படிக்கும். ஓட்டல் மெனுவில் 'காய்கறி ஊடோன்' என்று இருந்தால் அதையேதான் சொல்லும், எந்தச் சாற்றில் மிதக்கிறது என்று மெனுவில் எழுதியிருக்காது. 'சைவம்' என்ற ஒற்றைச் சொல்லும் அங்கே பயன்படவில்லை. மீன் துண்டு இல்லை என்றாலே சைவம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கடைசியில் எங்களைக் காப்பாற்றியது ஒரு நீள வாக்கியம்: "இறைச்சி, மீன், முட்டை சாப்பிட மாட்டோம்; மீன் போட்டு இறக்கிய தாஷியும் வேண்டாம்." அதை ஜப்பானிய மொழியில் மாற்றி, டிரான்ஸ்லேட்டிலேயே சேமித்து, பெரிய எழுத்தில் காட்டினேன். படித்தவர்கள் உள்ளே போய்ச் சமையல்காரரைக் கேட்டுவிட்டு வந்து இரண்டு கைகளையும் பெருக்கல் குறி போல வைத்துக் காட்டுவார்கள். இல்லை என்று அர்த்தம். அதுகூட உதவிதானே? சைவ உணவகம் தேட ஹேப்பிகவ் ஆப் நன்றாக இருந்தது. கியோட்டோவில் கோயில் மடத்துச் சமையலான ஷோஜின் ரியோரியை அது காட்டித்தான் கண்டுபிடித்தோம். கொம்பு என்ற கடற்பாசியும் காளானும் போட்டு இறக்கும் சாறு. அத்தை அங்கேதான் முதல் முறையாக இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சில்லறை விஷயங்கள்: பணம் மாற்றிப் பார்க்க ஆப் தேவையில்லை, யென் விலையைப் பாதியாக்கிக் கொஞ்சம் கூட்டினால் ரூபாய். டாக்ஸிக்கு 'கோ' ஆப் இருக்கிறது, எங்களுக்குத் தேவைப்படவில்லை. சுவரில் 100 வோல்ட், இரண்டு தட்டையான ஊசி. நம் உருண்டை ஊசி நுழையாது, மாற்று பிளக் கொண்டுபோங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். 2025 ஜூலை முதல் அதை விமானத்தில் தலைக்கு மேல் உள்ள பெட்டியில் வைக்காமல் கண்ணில் படும் இடத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

ஆறாவது ஆப், யூடியூப் பட்டியல் எதிலும் நான் பார்க்காதது. ஜப்பான் சுற்றுலாத் துறையின் மேற்பார்வையில் 2014-இல் வந்த 'சேஃப்டி டிப்ஸ்'. நிலநடுக்கம், சுனாமி, கடும் மழை எச்சரிக்கைகளை ஆங்கிலம் உட்படப் பல மொழிகளில் தருகிறது. பூமி குலுங்கும்போது முதலில் ஓடி வருவது மெல்லிய அலை, நாசம் செய்யும் பெரிய அலை அதற்குப் பின்னால் மெதுவாக வரும். முதல் அலையை நாடெங்கும் உள்ள கருவிகள் பிடித்ததும் கணக்குப் போட்டு எச்சரிக்கை அனுப்பிவிடுகிறார்கள். கிடைப்பது சில நொடிகள், தூரமாக இருந்தால் சில பத்து நொடிகள். மேசைக்கு அடியில் நுழைய அது போதும். பொதுமக்களுக்கு இந்த ஏற்பாடு 2007 அக்டோபரில் இருந்து நடக்கிறது. அவர்கள் சொல்வது ரிக்டர் கணக்கு இல்லை, ஷிண்டோ. நாம் நிற்கிற இடம் எவ்வளவு குலுங்கும் என்பதற்கு 0 முதல் 7 வரை.

கியோட்டோவில் ஒரு விடியற்காலை மேசையில் இருந்த தண்ணீர் பாட்டில் லேசாக நடுங்கியது. அத்தைதான் எழுப்பினார். போனைப் பார்த்தேன், ஷிண்டோ 2. எச்சரிக்கை மணி அடிக்கும் அளவே இல்லை. "இதுக்கா எந்திரிச்சோம்" என்று அவர் படுத்துவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆப்பை நோண்டிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன்.

இந்த ஆப் இலவசம். ஊரிலேயே இறக்கிவிடுங்கள், இருப்பிடம் பார்க்க அனுமதி கேட்டால் கொடுத்துவிடுங்கள். நான் மறுத்திருந்தேன். கியோட்டோ வந்து மூன்று நாள் ஆகியும் என் போனில் டோக்கியோதான் பதிவாகி இருந்தது.

(தொடரும்)